முதலாண்டில் சேர என்னென்ன வேண்டும்

கேட் கொக்கி கணீரென்று விழுந்தபோதே நினைத்தேன், தெருவுக்குப் புதியவர் யாரோ வருகிறார் என்று. வாங்க தம்பி. கடைசி வீட்டுக்குக் குடிவந்தவர்தானே? உட்காருங்க. அந்த ஸ்டூலை இழுக்காதீங்க, தூக்கிப் போட்டுக்கொள்ளுங்க. தப்பாக நினைக்க வேண்டாம், இந்த வீட்டுப் பழக்கம் அப்படி. பால்காரர்கூட எங்கள் வாசலில் மணி அடிக்கமாட்டார். இந்த வீட்டுப் பேக்கரிக்காரருக்கு ராத்திரி வேலை, பகலில் தூங்குவார் என்று தெருவுக்கே தெரியும்.

இல்லை இல்லை, நீங்க எழுப்பவில்லை. படுத்திருந்தேன், அவ்வளவுதான். விடிய விடிய அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்து படுத்தால் முன்பெல்லாம் அப்படி ஒரு தூக்கம் வரும். கொஞ்ச நாளாக இல்லை. புரண்டு படுக்கிறேன், எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி படுக்கிறேன். அதை விடுங்க. வந்த விஷயம் என்ன?

ஓ, உங்கள் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாளா. பேர் என்ன சொன்னீங்க, அபர்ணாவா. நல்ல பேர். குளித்தலை ரோட்டில் இருக்கிற பெண்கள் கல்லூரிக்கு என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்கச் சொன்னது யார், பஞ்சர் கடைக்காரரா? சரிதான். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, கரண்ட் கனெக்ஷன் மாற்றுவது, எதுவென்றாலும் என்னிடம்தான் அனுப்புவார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும்தான் தம்பி. மிச்சத்தை நானாகப் படித்தேன். மாவைப் பிசைந்து மூடி வைத்தால் அது பொங்கி வருகிற வரைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் எது கிடைத்தாலும் படிப்பேன். சரித்திரம், சட்டம், வைத்தியம், எதுவும் பாக்கி கிடையாது.

சொல்கிறேன், கேளுங்க. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிடுங்க. சாதிச் சான்றிதழ், பழைய அட்டை என்றால் வேண்டாம் என்பார்கள், இ-சேவையில் எடுத்தது இருக்கட்டும். ஆதார். போட்டோ. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இங்கேயே எடுத்துக்கொண்டு போங்க. கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஆனால் சேர்க்கை நடக்கிற அன்றைக்கென்று பார்த்து அங்கே கரண்ட் இருக்காது. அப்புறம் முதல் பட்டதாரி சான்றிதழ். அது ஒரு தனிக் கதை. வி.ஏ.ஓ. இருந்தால் ஆர்.ஐ. இருக்கமாட்டார், ஆர்.ஐ. இருந்தால் சர்வர் இருக்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்க் ரொம்பப் பார்க்கமாட்டார்கள். சின்னக் கல்லூரி. ஒரு மாடிக் கட்டடம், பின்னால் ஒரு மைதானம், அதற்கும் பின்னால் ஹாஸ்டல். படிக்கிற பிள்ளைகளும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். அப்பா லோடு வண்டி ஓட்டுவார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறுகிற பிள்ளை. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள்தான் அதிகம். பஸ் வசதிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்க. மணப்பாறையிலிருந்து நேர் பஸ். ஏறி உட்கார்ந்தால் கல்லூரி வாசலில் இறங்கலாம். ஹாஸ்டலுக்கு அவசியமே கிடையாது.

ஏன் சொல்கிறேன் என்றால், காகிதமெல்லாம் சரியாக வைத்திருந்தும் போன வருஷம் சேர்க்கைக்குப் போன அன்றைக்கு எங்களை அவர்கள் படுத்தின பாடு அப்படி.

என் பெண் பேர் நிறைமதி. மதி என்று கூப்பிடுவோம். ஒரே பெண். இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள், உள்ளேதான் இருக்கிறாள். தெரியவே இல்லை, பார்த்தீங்களா? அதுதான் வளர்ப்பு. இந்த வீட்டில் இருப்பது இந்த அறையும் சமையல்கட்டும்தான். நான் இங்கே படுத்திருப்பேன், அவர்கள் இருவரும் அங்கே. ஒரு பாத்திரம் உருளாது. குக்கர் விசில் அடிக்கும் என்று என் மனைவி லோகநாயகி இன்றைக்கு வரைக்கும் பானையில்தான் சோறு வடிக்கிறாள். கல்யாணத்துக்கு வந்த குக்கர் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது. மதி கைக்குழந்தையாக இருந்தபோது அழ ஆரம்பித்தால் லோகு அவளைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் போய்விடுவாள். அழுது முடித்த பிறகுதான் கொண்டுவருவாள். நான் சொன்னது கிடையாது, அவளாகவே செய்தாள்.

மதியை நான் ஒருநாளும் அதட்டியதே இல்லை தம்பி. ஒரு அடி, ஒரு வசவு கிடையாது. இப்படி உதட்டில் விரல் வைப்பேன், அவ்வளவுதான். பிறகு அதுவும் தேவைப்படவில்லை, நான் புரண்டு படுத்தாலே புரிந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகூட மற்ற பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு ஓடும், இவள் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பாடம் படித்தால் உதடு மட்டும் அசையும். ஒருமுறை பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயாடிப் பிள்ளைகளைத்தானே கண்டிப்பார்கள், வாயடக்கத்துக்கும் கண்டிப்பா என்று கேட்டேன்.

தமிழ் படிக்க வேண்டும் என்றாள். பி.ஏ. தமிழ். எனக்கும் அதில் சந்தோஷம்தான். தெருவில் ஆளுக்கொரு யோசனை, கம்ப்யூட்டர் என்றார்கள், நர்சிங் என்றார்கள். நான் காதிலேயே வாங்கவில்லை. என் பெண் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். அவள் விஷயத்தில் எல்லாமே அவள் இஷ்டம்தான்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் தருவார்கள், மாணவியைப் பற்றிய பக்கம். மற்றக் கல்லூரிகளில் அதை யாரும் பார்ப்பதில்லை, இங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். உங்கள் பெண்ணிடமும் கொடுப்பார்கள். என்ன பிடிக்கும், என்ன வரும், வீட்டில் எப்படி, பேச்சுப்போட்டி உண்டா, பாட்டு உண்டா, இப்படிக் கேள்விகள். நான்தான் நிரப்பினேன். அவள் எழுத்து சின்னதாக இருக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி. எனக்கு எழுத்து வாகாக வரும். பாட்டு, பேச்சு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று போட்டேன். கடைசியில் தன்னைப் பற்றி நாலு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். "நான் மிகவும் அமைதியானவள். என் குரலைப் பக்கத்து வீட்டார்கூட இதுவரை கேட்டதில்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு லோகுவிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். மதியிடமும் காட்டினேன். தலையாட்டினாள்.

கொஞ்சம் இருங்க, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. லோகு, தம்பிக்கு ஒரு டீ போடு. அப்படியே அந்தப் புளியை இங்கே கொண்டுவா, பேசிக்கொண்டே கொட்டை எடுத்துப் போடுகிறேன். கை சும்மா இருந்தால் எனக்கு ஆகாது தம்பி. புளியை எல்லா வீட்டிலும் சுத்தியலால் தட்டுவார்கள். எங்கள் வீட்டில் பத்தை பத்தையாகக் கையால் பிய்த்து விரலால்தான் கொட்டையை எடுப்போம். மெதுவாகத்தான் ஆகும், ஆனால் சத்தம் இருக்காது.

எங்கே விட்டேன்? ஆமாம், அந்த நாள். எங்கள் முறை வந்தபோது உள்ளே மூன்று டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தமிழ்த்துறைத் தலைவி, ஜெயசீலி என்று பேர். நான் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு மதியை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். தமிழ் கேட்டு வருகிற பிள்ளைகளை அங்கே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள், அது அவர்களின் வழக்கம். வாசித்தால்தான் தமிழில் இடம், இல்லையென்றால் மிச்சமிருக்கிற வேறு ஏதாவது பாடம். மதி கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஏதோ ஆற்றில் வெள்ளம் வந்ததைப் பற்றிய கட்டுரை.

மதி வாசித்தாள். உதடு அசைந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது, ஏனென்றால் நான் பார்த்துப் பழகியவன். அந்த அம்மா, "கேட்கலையேம்மா" என்றார். மறுபடி வாசித்தாள். "இன்னும் கேட்கலை" என்றார். மூன்றாவது தடவை பிள்ளை முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. பின்னால் நின்று அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நானே வாசித்துவிட்டேன். தப்பில்லாமல், நிறுத்தி, ல ள ழ சுத்தமாக, ஒரு பத்தி முழுவதும். அந்த அறை அதிர்கிற மாதிரி வாசித்தேன் தம்பி. வாசித்து முடித்துவிட்டு, இதுதான் இவளும் வாசித்தது, மேடம், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்றேன்.

அதற்கு அந்த அம்மா என்ன செய்திருக்க வேண்டும்? சரி என்று எழுதியிருக்க வேண்டும். அவர் எழுந்தார். "நீங்க வெளியே இருங்க சார்" என்றார். பக்கத்தில் இருந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெற்ற தகப்பனை, பெண்ணுக்கு முன்னால் வைத்து, வெளியே இருங்க என்றால் என்ன அர்த்தம்? நான் குடித்துவிட்டா வந்தேன்? வேட்டி சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இந்த ஒரு வருஷமாக நான் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று லோகுவைக் கேளுங்க.

வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அந்த ஜெயசீலி அம்மா மதியைக் கூட்டிக்கொண்டு பின்பக்க மைதானத்துக்குப் போகிறார். வெயிலில். இவளை ஒரு கோல்போஸ்ட் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவர் நடந்து நடந்து மறு கோடிக்குப் போய்விட்டார். அங்கிருந்து கையைக் காட்டுகிறார், வாசி என்று. பிள்ளை நிற்கிறாள். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று பார்த்தேன். டி.சி.யெல்லாம் உள்ளே மேசையில் கிடந்தது.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது தம்பி.

யாரோ ஒரு பொம்பளை கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் கட்டைக் குரல், தொண்டை பிசிறடிக்கிற குரல். யாருடா அது என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். ஸ்டாண்டில் வேறு யாருமில்லை. அது மதி. பதினேழு வருஷமாக வளர்க்கிறேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் ஆற்று வெள்ளத்தைச் சத்தம் போட்டு வாசிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, நிறுத்தாமல் வாசிக்கிறாள். ஒரு பக்கம் கேட்டார்கள், இவள் பக்கத்தைத் திருப்பி அடுத்ததையும் வாசிக்கிறாள். அந்த அம்மா போதும் போதும் என்று கையைக் காட்டிக்கொண்டே ஓடிவருகிறார், இவள் நிறுத்தவில்லை.

வயசுப் பெண்ணை இப்படி நடு மைதானத்தில் கத்தவிடுவது நியாயமா, சொல்லுங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் அப்படியே ஸ்டாண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தமிழில் இடம் கொடுத்தார்கள். அதோடு விட்டார்களா? ஹாஸ்டலும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. நேர் பஸ் இருக்கிறதே மேடம், எதற்கு ஹாஸ்டல் என்றேன். "உங்க பொண்ணுதான் கேட்டா சார்" என்றார் அந்த அம்மா. நான் நம்பவில்லை. ஏன் கேட்டாளாம் என்றேன். சத்தமாகப் படிக்க இடம் வேண்டும் என்று கேட்டாளாம். இதைக் கேளுங்க தம்பி, சத்தமாகப் படிக்க இடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா இவள், அ ஆ என்று கத்திப் படிக்க? படித்தவர்கள் யாராவது சத்தம் போட்டுப் படிப்பார்களா? நான் படிக்கவில்லையா, மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல்? அந்த மைதானத்தில் வைத்து அவர்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவளுக்கு இது எங்கே தோன்றப்போகிறது. லோகுவிடம் கேட்டேன், நீயாவது சொல்லு, வீட்டில் இவளுக்கு என்ன குறை என்று. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரி, ஒரு வருஷம் போகட்டும் என்று விட்டேன். ஆயுதபூஜை லீவுக்கு வந்தாள், பொங்கலுக்கு வந்தாள். வந்த முதல் நாள் மறந்துபோய்ச் சத்தமாகப் பேசிவிடுவாள், சிரித்துவிடுவாள். நான் புரண்டு படுப்பேன். உடனே அடங்கிவிடும். மறுநாளிலிருந்து பழைய மதி. போகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து சிநேகிதிகளோடு ஒரே பேச்சு. பஸ் கிளம்பின பிறகும் சிரிப்பு கேட்கும்.

இப்போது லீவு முடியப்போகிறது. போன வாரம் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். இரண்டாம் வருஷம் வீட்டிலிருந்தே போய்வா மதி, ஹாஸ்டல் போதும் என்றேன். அழுவாள், அடம் பிடிப்பாள், அம்மாவை விட்டுப் பேசவைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன். அவள் "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். அதுகூடக் காதில் விழவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுந்து போய்ப் பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தாள். சத்தமே இல்லை.

சரி என்றுவிட்டாள். நான் சொன்னதற்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். அப்புறம் நான் நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே? தூக்கம் வரவில்லை தம்பி. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, ஒரு ஈ பறக்கிற சத்தமில்லை, எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு பொம்பளைகள் இருக்கிற வீட்டில் ஒன்றுமே கேட்பதில்லை. நேற்று பேக்கரியில் ரொட்டித் தட்டை அடுப்பிலேயே விட்டுக் கருக்கிவிட்டேன், முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். வயசாகிறது, அதுவாக இருக்கும்.

என்ன கேட்டீங்க? உங்கள் மூத்த பையன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறானா. அப்படியென்றால் உங்கள் பெண்ணுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்குமா என்கிறீங்க. அது எனக்குச் சரியாகத் தெரியாதே. மதிக்குத்தான் தெரியும். அங்கே ஹாஸ்டல் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இவள்தான் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தாளாம். மதி, இங்கே வாம்மா. கடைசி வீட்டுச் சித்தப்பா. பாலிடெக்னிக் படித்த அண்ணன் இருந்தால் தங்கச்சிக்கு அந்தச் சான்றிதழ் தருவார்களா?

கேட்டதா தம்பி? கேட்கவில்லையா. கதவுக்குப் பின்னால் நின்று சொன்னால் அவருக்கு எப்படிம்மா கேட்கும். முன்னால் வா. இப்போதும் கேட்கவில்லையா.

என்னை எதற்குப் பார்க்கிறாய்? நான் தூங்கவில்லையே. உட்கார்ந்துதானே இருக்கிறேன். சொல்லு. அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லு.

"கிடைக்கும் சித்தப்பா. டிப்ளமோ பட்டத்துல சேராது. வீட்ல யாரும் டிகிரி முடிக்கலைன்னா தருவாங்க. அண்ணனோட டிப்ளமோ காப்பியையும் சேர்த்துக் கொண்டுபோங்க, ஆபீஸ்ல கேட்டா காட்டலாம். அபர்ணாவுக்கு என்ன பாடம் வேணும்? தமிழா? அப்ப அவளை என்கிட்ட அனுப்புங்க. அங்க ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவாங்க, பயந்துடக் கூடாது. இப்பருந்தே வீட்ல சத்தமா வாசிச்சுப் பழகட்டும். முதல்ல நம்ம குரல் நமக்கே வேற யாரோ பேசுற மாதிரி இருக்கும். அப்புறம் சரியாயிடும்."

ம்.

கேட்டீங்களா தம்பி? பஞ்சர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். பாருங்க, எதிர்வீட்டில் ஜன்னல் திறக்கிறார்கள். லோகு, நீ ஏன் அப்படியே நிற்கிறாய், டீ பொங்குகிறது பார்.

இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு இவள் தினமும் இங்கிருந்து போய்வந்தால் நான் என்றைக்குத் தூங்குவது? என் வேலை என்ன ஆவது? நீங்களே சொல்லுங்க. ராத்திரி முழுக்க நெருப்பு முன்னால் நிற்கிறவன் நான். வேண்டாம் மதி. நீ ஹாஸ்டலிலேயே இரு. அங்கே போய் எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. திங்கட்கிழமையே நான் வந்து அந்த அம்மாவிடம் சொல்கிறேன். உனக்காக இல்லை, என் தூக்கத்துக்காகச் சொல்கிறேன். அழாதே. இதற்கு என்ன அழுகை. போ, அவருக்கு டீயைக் கொண்டுவந்து கொடு.

நீங்க குடியுங்க தம்பி. வேறு என்ன கேட்க வேண்டுமோ அவளையே கேளுங்க, சொல்லுவாள். அந்த முறத்தை மட்டும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. புளி இன்னும் பாதி இருக்கிறது.